வளவில் வைத்த தொலைகாட்டியில் மங்கல் வால்வெள்ளி: பார்ப்பதும் வரைவதும்

பத்திரிகையில் வரும் வால்வெள்ளிப் படத்தில் பச்சைத் தலை இருக்கும், வானத்தின் குறுக்கே நீண்ட வால் இருக்கும். அதே வால்வெள்ளியை வளவில் வைத்த ஆறு அங்குல (ஆடியின் விட்டம்) தொலைகாட்டியில் பார்த்தால் நிறமும் இல்லை, விளிம்பும் இல்லை. சின்னதொரு சாம்பல் திட்டுத்தான் தெரியும். சில இரவுகளில் அதுவும் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். புதிதாகத் தொடங்கும் பலர் "இவ்வளவுதானா" என்று தொலைகாட்டியை மூடிவைப்பது இந்த இடத்தில்தான்.

எனக்கு வால்வெள்ளி பிடித்துப்போனதும் இந்த இடத்தில்தான். அந்தத் திட்டின் முன் பென்சிலோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதற்குள் ஒரு செறிவு தெரியவரும். அந்தச் செறிவு சரியாக நடுவில் இல்லை என்பது தெரியவரும். ஒரு பக்கம் சட்டென்று முடிய, மற்றப் பக்கம் மெதுவாக மங்கிப் போவது தெரியவரும். தொலைகாட்டியும் வானமும் முன்பிருந்த மாதிரியே இருக்கின்றன. வரைய வேண்டும் என்ற தேவை கண்ணை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறது. மங்கலான வால்வெள்ளியைப் பொறுத்தவரை வரைகிற ஆள்தான் முழுதாகப் பார்க்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். திருகோணமலையில், சொந்த வீட்டு முற்றத்திலிருந்து அதை எப்படிச் செய்யலாம் என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நாம் பார்ப்பது எதை?

வால்வெள்ளியின் உடல் மிகச் சிறியது. பெரும்பாலானவற்றின் கரு சில கிலோமீற்றர் அகலந்தான். 2014 முதல் 2016 வரை ரொசெட்டா விண்கலம் கூடவே பயணித்து ஆராய்ந்த 67பி சூர்யுமோவ்-கெராசிமென்கோ என்ற வால்வெள்ளியின் கரு ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளிக்குப் போகிற தூரத்துக்குள் அது அடங்கிவிடும். பனிக்கட்டியும் தூசும் கலந்த கட்டி இது என்ற விளக்கத்தை வானியலாளர் பிரெட் விப்பிள் 1950இல் முன்வைத்தார்.

சூரியனை நெருங்கும்போது பனி உருகித் தண்ணீராவதில்லை. விண்வெளியில் அமுக்கம் இல்லாததால் நேரே வாயுவாகிறது. வெளியேறும் வாயு தூசையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தூரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்குக்குள் வந்ததும் நீர்ப்பனி ஆவியாவது மும்முரமாகிவிடும். கருவைச் சுற்றி இப்படி உருவாகும் மூட்டத்துக்குக் கோமா என்று பெயர். வளவிலிருந்து நாம் பார்ப்பது இந்தக் கோமாவைத்தான். கருவை எந்த வீட்டுத் தொலைகாட்டியாலும் காட்ட முடியாது.

அளவை ஒருமுறை கணக்குப் பார்த்தால் மனதில் பதியும். வானத்தில் கோணங்களைப் பாகையில் அளப்போம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கலை. முழுநிலவு ஏறக்குறைய 30 கலை அகலம். பூமியிலிருந்து 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஒரு வால்வெள்ளியின் கோமா வெறும் 4 கலை அகலமாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உண்மையான குறுக்களவு கிட்டத்தட்ட ஒரு இலட்சத்து 75 ஆயிரம் கிலோமீற்றர். பூமியைப் பதின்மூன்று தடவைக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். நான்கு கிலோமீற்றர்க் கட்டி ஒன்றிலிருந்து இவ்வளவும் வெளிவருகிறது.

வால் பெரும்பாலும் இரண்டு வகை. மின்னேற்றம் பெற்ற வாயுவால் ஆனது சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கமாக ஒடுங்கி நீளும். தூசு வால் சற்று வளைந்து, அகன்று கிடக்கும். மங்கலான வால்வெள்ளியில் இரண்டுமே தெரியாமல் போகலாம். படங்களில் காணும் பச்சை நிறம் இரு காபன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு விடும் ஒளி. மங்கல் ஒளியில் வேலை செய்யும் நம் கண்ணின் கோல் கலங்களுக்கு நிறம் தெரியாது. ஆகவே பச்சையைத் தேடாதீர்கள்.

எண் சொல்வதும் கண் காண்பதும்

வானியலில் ஒளியின் அளவைப் பிரகாச எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூடப் பொருள் மங்கல். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு ஒளி வித்தியாசம். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு ஆறாம் எண் வரை தெரியும். ஆறு அங்குலத் தொலைகாட்டியில் பன்னிரண்டாம் எண் நட்சத்திரத்தைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. அப்படியானால் ஒன்பதாம் எண் வால்வெள்ளி பளிச்சென்று தெரிய வேண்டுமே?

தெரியாது. வால்வெள்ளிக்குச் சொல்லப்படும் எண், அதன் முழு ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் வருகிற கணக்கு. நட்சத்திரம் புள்ளி. வால்வெள்ளி பரப்பு. ஒரு வாளி சுண்ணாம்பை ஒரு சதுர அடிச் சுவரில் பூசினால் பளீரென்று வெள்ளை. அதே வாளியைப் பதினாறு சதுர அடிக்கு இழுத்தால் சுவரின் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். 2 கலை அகலமுள்ள கோமாவையும் 8 கலை அகலமுள்ள கோமாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் எண் ஒன்றுதான். ஆனால் பின்னதன் பரப்பு பதினாறு மடங்கு. ஒவ்வொரு சிறு துண்டிலிருந்தும் வரும் ஒளி மூன்று எண் குறைந்துவிடுகிறது. 5 கலை வட்டத்தில் பரவிய ஒன்பதாம் எண் வால்வெள்ளி ஒன்றின் மேற்பரப்பு ஒளி, ஊருக்கு வெளியே ஓரளவு இருட்டான இடத்து வானப் பின்னணியின் ஒளிக்கு ஏறக்குறையச் சமம். நகருக்குள்ளே வானம் அதைவிட வெளிச்சம். வால்வெள்ளி அதில் மூழ்கிவிடுகிறது.

2018 டிசம்பரில் வந்த 46பி விர்த்தானென் இதற்கு நல்ல உதாரணம். அது பூமியிலிருந்து ஒரு கோடியே 16 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போனது. வால்வெள்ளிக் கணக்கில் மிக அருகு. எண் நான்கை ஒட்டி இருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே எளிது. ஆனால் அதன் கோமா நிலவைவிட அகலமாகப் பரவிக் கிடந்ததால் நகர வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு வெறுங்கண்ணில் தென்படவே இல்லை.

ஆகவே ஒரு வால்வெள்ளியைப் பற்றிய செய்தி வந்தால் எண்ணோடு இன்னும் இரண்டு விடயங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று கோமாவின் அகலம். மற்றது செறிவு. செறிவை 0 முதல் 9 வரை சொல்வது வழக்கம். 0 என்றால் நடுவும் ஓரமும் ஒரே மங்கல். 9 என்றால் கிட்டத்தட்ட நட்சத்திரப் புள்ளி. செறிவு 6 உள்ள பத்தாம் எண் வால்வெள்ளி, செறிவு 1 உள்ள எட்டாம் எண் வால்வெள்ளியைவிடச் சுலபமாக அகப்படலாம்.

நம் ஊர் வானம்

திருகோணமலையில் இருப்பவர்களுக்குக் கிழக்கே கடல். விளக்கும் மரமும் மறைக்காத அடிவானம். அதிகாலையில் சூரியனுக்கு முன் உதிக்கும் வால்வெள்ளிகளுக்கு நிலாவெளிக் கடற்கரையைவிட நல்ல இடத்தை நான் கேட்கமாட்டேன். நாம் 8½ பாகை அகலாங்கில் இருப்பதால் சூரியப் பாதை அடிவானத்தோடு செங்குத்தை ஒட்டி நிற்கிறது. சூரியனுக்குப் பக்கத்திலுள்ள வால்வெள்ளி சரிந்து ஊராமல் நேரே மேலே ஏறும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் விடியல் வெளிச்சத்தில் தவறவிடும் சில வால்வெள்ளிகள் நமக்குக் கிடைப்பது இதனால்தான். சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டும் வந்துவிடுகிறது. அதிகாலை அவதானிப்பில் ஒரு கட்டாய விதி உண்டு. சூரியன் உதிக்க முன்னமே தொலைகாட்டியை மூடிவிட வேண்டும். சூரியன் ஒரு கணம் பார்வைத்துண்டுக்குள் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) வந்தாலும் கண் போய்விடும்.

வடக்கே நமக்குக் கொஞ்சம் குறைவுதான். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில், கடற்காற்றின் ஈரப்புகைக்குள் கிடக்கிறது. துருவத்தை ஒட்டி நகரும் வால்வெள்ளிகளை விட்டுவிட வேண்டியதுதான். துருவத்தை நோக்கி அச்சைச் சரிசெய்யும் தாங்கிகளும் இங்கே கரைச்சல். சிலவற்றை இவ்வளவு தாழ்வான கோணத்துக்கு இறக்கவே முடியாது. புதிதாக வாங்குபவருக்கு நான் சொல்வது, தரையில் வைத்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளும் டொப்சோனியன் வகையைத்தான். ஆறு அங்குலம் போதும், எட்டு அங்குலம் கிடைத்தால் நல்லது.

காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று மழையோடு வரும். அந்த மாதங்களில் மேகம் விலகும் இரவு கிடைத்தால் விடக்கூடாது, மழை கழுவிய வானம் மிகத் தெளிவாக இருக்கும். மாசி தொடங்கிப் புரட்டாதி வரை நமக்கு வசதியான பருவம். இடையில் கச்சான் வீசும் நாட்களில் குழாய் ஆடும். வீட்டின் கிழக்குச் சுவருக்கு ஒதுங்கி வைத்தால் காற்று மேற்கிலிருந்து வருவதால் மறைப்பு கிடைக்கும். துறைமுகப் பக்க வெளிச்சம் நகருக்குள் இருப்பவர்களைப் பாதிக்கும். நகருக்குள் உவர்மலையில் இருப்பவருக்கும் நகருக்கு வெளியே சாம்பல்தீவில் இருப்பவருக்கும் ஒரே வால்வெள்ளி ஒரே மாதிரித் தெரியாது. முக்கியமான வால்வெள்ளி என்றால் வடக்கே நிலாவெளிப் பக்கம் போய்விடுவது நல்லது. மணலில் வைப்பதானால் அடியில் ஒரு பலகை போடுங்கள், இல்லாவிட்டால் தொலைகாட்டி மெல்ல மெல்லச் சரியும். உப்புக்காற்று தொலைகாட்டியின் ஆடிக்குக் கேடு. வேலை முடிந்ததும் மூடியைப் போட்டு வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

நிலவைக் கவனிக்கப் போயா நாட்காட்டியே போதும். மாலை வால்வெள்ளிக்குப் போயா கழிந்து மூன்று நாட்களின் பின் தொடங்கி, அமாவாசை தாண்டி நான்கைந்து நாட்கள் வரை. அதிகாலை வால்வெள்ளிக்கு இதன் மறுதலை.

கண்ணைத் தயார்ப்படுத்தல்

இருட்டுக்குள் வந்து அரை மணி நேரமாவது ஆனால்தான் கண்ணின் கோல் கலங்கள் முழுத் திறனுக்கு வரும். அதன்பின் ஒரு தடவை கைத்தொலைபேசித் திரையைப் பார்த்தாலும் அந்த அரை மணி நேரம் போய்விடும். வரையக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்பதால் சிறிய டோர்ச் ஒன்றின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் கடதாசியை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள். வெசாக் கூடு கட்டுவதற்கு விற்கும் கடதாசியே போதும். கொப்பியில் கோடு தெரிகிற அளவுக்கு மேல் வெளிச்சம் இருக்கக்கூடாது.

அடுத்தது கடைக்கண். நேரே பார்க்கும்போது ஒளி விழும் இடத்தில் கோல் கலங்கள் இல்லை. சற்று விலகிய இடத்தில்தான் அவை செறிந்து இருக்கின்றன. எனவே மங்கல் பொருளைப் பார்க்க அதன் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதிலும் விடயம் இருக்கிறது. வலக்கண்ணால் பார்ப்பவர் பொருளுக்குச் சற்று வலப்பக்கம் பார்வையை வைக்க வேண்டும், இடக்கண்ணால் பார்ப்பவர் இடப்பக்கம். மாறிச் செய்தால் பொருள் கண்ணின் குருட்டிடத்தில் விழுந்து அடியோடு மறையலாம்.

பக்கத்தில் நிற்பவருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது தனி மகிழ்ச்சி. என் மருமகன் முதல் தடவை குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, ஒண்டும் தெரியேல்லையே" என்றான்.

"நேர பாக்காத. ரெண்டு நட்சத்திரம் கிட்டக் கிட்ட நிக்குதல்லோ, அதுக்கு வலப்பக்கம் பார்வையை வை. தலை அசையக்கூடாது, பார்வை மட்டும் போகோணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருக்கு... இல்லை, போட்டுது. ஆ, திரும்ப வந்திட்டுது."

அப்படித்தான் வரும். பார்வையைக் கொண்டுபோனால் மறையும், விலக்கினால் வரும். இன்னும் சந்தேகம் இருந்தால் குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசைகிற மங்கலை நம் கண் அசையாத மங்கலைவிட எளிதில் பிடிக்கும். நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள், உட்காரக் கதிரை வையுங்கள். கூனிக்கொண்டு நிற்கும் ஒருவரால் கடைக்கண்ணால் அமைதியாகப் பார்க்க முடியாது. உட்கார்ந்து பார்ப்பதால் தெரியும் விபரம் தொலைகாட்டியை ஓர் அங்குலம் பெருப்பித்ததற்கு ஈடு என்று நான் நினைக்கிறேன்.

கண்டுபிடித்தல்

வால்வெள்ளி தினமும் நகர்வதால் அன்றைய இரவுக்கான படம் வேண்டும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் வால்வெள்ளிகளின் சுற்றுப்பாதைத் தரவுகளைப் புதுப்பிக்க வழி இருக்கிறது. பழைய தரவோடு தேடினால் வெறும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தெரிந்த நட்சத்திரம் ஒன்றிலிருந்து தொடங்கி, படத்தில் உள்ள சிறு முக்கோணங்களையும் வரிசைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு இடத்துக்குப் போய்ச் சேருங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்க வேண்டும். 1200 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள தொலைகாட்டியில் 25 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு 48 மடங்கு தரும், ஏறக்குறைய ஒரு பாகை வானம் தெரியும். கண்டதும் 80, 100 மடங்குக்கு மாற்றிப் பாருங்கள். உருப்பெருக்கம் கூடும்போது வானப் பின்னணியும் இருளும், திட்டும் பெரிதாகும். மங்கல் பொருள் பெரிதாக இருந்தால் கண்ணுக்குச் சுலபம். எந்த மடங்கு பொருந்தும் என்பது வால்வெள்ளிக்கு வால்வெள்ளி மாறும்.

அகப்பட்ட திட்டு வால்வெள்ளிதானா? விண்மீன் மண்டலங்களும் (கலக்சிகள்) உருண்டைக் கொத்துகளும் (உருண்டையாக நெருங்கிய நட்சத்திரக் கூட்டங்கள்) இதே தோற்றத்தில் இருக்கும். பிரெஞ்சு வானியலாளர் சார்ள்ஸ் மெஸ்ஸியே 1758இல் வால்வெள்ளி தேடும்போது இடபராசியில் ஒரு மங்கல் திட்டைக் கண்டார். அது நகரவில்லை. இன்று நண்டு நெபுலா என்று அழைக்கப்படுவது அதுதான். இப்படி ஏமாற்றும் பொருள்களை அவர் பட்டியல் போடத் தொடங்கினார். 1781இல் அந்தப் பட்டியல் 103 பொருள்களாக வளர்ந்திருந்தது, இன்றும் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஹலி வால்வெள்ளி திரும்பி வரும் என்று அப்போது ஐரோப்பா முழுவதும் காத்திருந்தது. அதை முதலில் கண்டவர் யோகான் கியோர்க் பலிட்ஸ் என்ற ஜெர்மன் விவசாயி, 1758 டிசம்பர் 25ஆம் திகதி இரவு.

நகர்கிறதா என்பதே சோதனை. ஒரு நாளுக்கு ஒரு பாகை நகரும் வால்வெள்ளி ஒரு மணி நேரத்தில் 2½ கலை நகரும். கண்ணால் அசைவது தெரியாது. ஆனால் பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து வரைந்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பின் இடம் மாறியிருப்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

வரைதல்

ஓவியத் திறமை தேவையில்லை. வட்டமும் புள்ளியும் ஒரு மங்கலும் மட்டுந்தான் வரையப் போகிறோம். வெள்ளைக் கடதாசியில் கறுப்புப் பென்சிலால், வானத்தை வெள்ளையாகவும் ஒளியைக் கறுப்பாகவும் மாற்றி வரைவது வழக்கம். கூராக்கிய எச்பி பென்சில் ஒன்று, 4பி பென்சில் ஒன்று, அழிறப்பர், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, சித்திரக் கொப்பி. கடற்கரை ஊரில் இரவில் மெல்லிய கடதாசி ஈரம் ஊறித் துவண்டுவிடும், பென்சில் அதில் இழுபடும். ஆகவே தடித்த தாள் வாங்குங்கள். பகலிலேயே ஏதாவது மூடியை வைத்து எட்டு சென்ரிமீற்றர் அகல வட்டங்கள் சிலவற்றைக் கீறி வையுங்கள். அந்த வட்டந்தான் பார்வைத்துண்டில் தெரியும் வானம்.

முதலில் நட்சத்திரங்கள். வால்வெள்ளியில் கை வைக்க வேண்டாம். பார்வைப்புலத்தில் உள்ளவற்றில் மிகப் பளிச்சென்ற இரண்டு மூன்றை எடுத்து, மணிக்கூட்டு முகத்தில் எத்தனை மணி நிலையில் நிற்கின்றன, நடுவிலிருந்து விளிம்புக்கு எவ்வளவு பங்கு தூரத்தில் நிற்கின்றன என்று பார்த்துப் புள்ளி வையுங்கள். பிறகு அவற்றோடு முக்கோணம் அமைக்கும் அடுத்த நட்சத்திரம், அதோடு அடுத்தது. முக்கோணம் கூர்மையா, ஒரு பக்கம் நீளமா என்று ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். பளிச்சென்றதற்குப் பெரிய புள்ளி, மங்கலுக்குச் சிறிய புள்ளி. எட்டுப் பத்து நட்சத்திரம் போதும். இது முடிய ஏறக்குறையக் கால் மணி நேரம் போகும். அதற்குள் உங்கள் கண் அந்தச் சிறு வானத்துக்குப் பழகி, தொடக்கத்தில் காணாத நட்சத்திரங்களையும் காணத் தொடங்கியிருக்கும்.

இப்போது வால்வெள்ளி எந்த நட்சத்திரங்களுக்கு நடுவே நிற்கிறது என்று பார்த்து, செறிவு உள்ள இடத்தில் மிக மெல்லிய ஒரு குறி வையுங்கள். அந்த நிமிடத்தின் நேரத்தை உடனே எழுதுங்கள். நட்சத்திரத்துக்கு நேரம் தேவையில்லை, வால்வெள்ளிக்குத் தேவை.

கோமாவைப் பென்சிலால் நேரடியாகத் தீட்டாதீர்கள். கோடு விழுந்தால் அது விளிம்பாகிவிடும், கோமாவுக்கு விளிம்பில்லை. தாளின் ஓரத்தில் 4பி பென்சிலால் கறுப்பாக ஒரு சதுரம் தேய்த்து வையுங்கள். பஞ்சுக்குச்சியை அதில் தொட்டு, வேறொரு மூலையில் இரண்டு தடவை தட்டி, மிச்சம் ஒட்டியிருக்கும் தூளோடு குறியின் மேல் வைத்துச் சிறு சிறு சுழற்சியாக வெளியே நகர்த்துங்கள். அழுத்தம் வேண்டாம், குச்சியின் பாரமே போதும். ஓரத்துக்கு வரும்போது தூள் தானாகத் தீர்ந்து மங்கலாக முடியும். பார்வைத்துண்டுக்குத் திரும்புங்கள். கடைக்கண்ணால் பார்க்கும்போது கோமா எது வரை போகிறது? வடக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் நீளுகிறதா? அந்தப் பக்கம் மட்டும் இன்னொரு தொடுகை. நடு நீங்கள் வரைந்ததைவிடச் செறிவாக இருக்கிறதா? அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் தூள். செறிவின் உள்ளே நட்சத்திரப் புள்ளி ஒன்று மின்னி மின்னிப் போகிறதா? அப்படியானால் கூர் பென்சிலால் ஒரேயொரு புள்ளி. ஒவ்வொரு தொடுகைக்கும் முன் ஒரு கேள்வி, கேள்விக்குப் பதில் தேடி ஒரு பார்வை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றால் இந்தக் கேள்விகள் வரவே வராது.

வால் இருக்கும் என்று படத்தில் கண்டதால் வால் வரையக்கூடாது. இடைவெளி விட்டு மூன்று தடவை, ஒரே திசையில் தெரிந்தால் மட்டும் வரையுங்கள். தெரியாவிட்டால் "வால் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் முழு மதிப்புள்ள அவதானிப்பு.

கைப்பட வரைந்த படத்துக்கு அறிவியலில் எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு 1835ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த வருடம் ஹலி வால்வெள்ளி வந்தபோது வானியலாளர் பிரெட்ரிக் பெசெல் அதன் தலையிலிருந்து விசிறியாக விரியும் ஒளித் தாரைகளைக் கண்ணால் பார்த்து வரைந்தார். கருவிலிருந்து வெளியேறும் பொருளைச் சூரியனின் எதிர்ப்புறமாக ஏதோ ஒரு விசை தள்ளுகிறது என்ற கணக்கை அதிலிருந்து உருவாக்கினார். வால்வெள்ளியைப் புகைப்படம் எடுப்பது அதன்பின் 1858இல்தான் தொடங்கியது. 1986இல் ஜொட்டோ விண்கலம் அதே ஹலியின் கருவை நெருங்கிப் படம் எடுத்தபோது, சூரியன் படும் பக்கத்திலிருந்து தாரைகள் பீறிடுவது தெளிவாகத் தெரிந்தது.

படத்தோடு எழுத வேண்டியவை

திசை குறிக்காத படத்தால் பயன் குறைவு. தொலைகாட்டியை அசைக்காமல் விட்டால் நட்சத்திரங்கள் தாமாக ஒரு பக்கம் ஓடும். அவை வெளியேறும் பக்கம் மேற்கு. வட்டத்தின் அந்த இடத்தில் அம்புக்குறி போடுங்கள். ஆடித் தொலைகாட்டியில் மேற்கிலிருந்து மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகக் கால் வட்டம் போனால் வடக்கு. வில்லைத் தொலைகாட்டியில் மூலைத்திருப்பி (ஒளியைப் பக்கமாகத் திருப்பும் ஆடி) பூட்டியிருந்தால் பிம்பம் இடவலமாக மாறியிருக்கும், அப்போது முள் சுற்றும் திசையில் கால் வட்டம்.

இதே ஓட்டத்தை வைத்துக் கோமாவின் அகலத்தையும் அளக்கலாம். வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) அருகில் நான்கு செக்கனுக்கு ஒரு கலை நகரும். கோமாவின் முன் விளிம்பு பார்வைப்புலத்தின் ஓரத்தைத் தொட்ட நேரத்திலிருந்து பின் விளிம்பு மறையும் வரை 16 செக்கன் எடுத்தால் அகலம் 4 கலை. நடுக்கோட்டிலிருந்து விலகிய வால்வெள்ளிக்கு அந்த விலகல் கோணத்தின் கோசைனால் பெருக்க வேண்டும்.

செறிவு எண்ணை 0 முதல் 9க்குள் மனதுக்குப் பட்டபடி எழுதுங்கள். வால் தெரிந்தால் வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எத்தனை பாகை என்றும், நீளம் எவ்வளவு என்றும் எழுதுங்கள். திகதியோடு நேரத்தை உலக நேரத்திலும் எழுத வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் சரி. அதிகாலை நான்கு மணிக்குப் பார்த்தால் திகதி முதல் நாளாகிவிடும், கவனம். தொலைகாட்டியின் அளவு, உருப்பெருக்கம், வானம் எவ்வளவு தெளிவு என்பவற்றையும் சேர்த்தால் பக்கம் நிறைந்துவிடும்.

பிரகாச எண்ணைக் கணிப்பது கொஞ்சம் பழகிய பின் செய்ய வேண்டியது. வால்வெள்ளியின் சராசரி ஒளியை மனதில் பிடித்துக்கொண்டு, பக்கத்து நட்சத்திரங்களின் குவியத்தைக் கலைத்து அவற்றைக் கோமாவின் அளவுக்கு ஊதிப் பெருக்க வேண்டும். எது வால்வெள்ளியைவிடச் சற்று வெளிச்சம், எது சற்று மங்கல் என்று பார்த்து இடையிலுள்ள எண்ணைக் கணிப்பார்கள். இப்படி உலகமெங்கும் இருந்து வரும் கணிப்புகளைச் சேர்த்து வைக்கும் கொப்ஸ் என்ற தரவுத்தளம் ஸ்லோவேனியாவிலிருந்து இயங்குகிறது. பதிவு செய்துகொண்டால் நம் வளவிலிருந்தும் அனுப்பலாம். 17பி ஹோம்ஸ் 2007 ஒக்டோபரில் செய்தது மாதிரி, ஏறக்குறைய பதினேழாம் எண்ணில் கிடந்த வால்வெள்ளி இரண்டு நாளைக்குள் மூன்றாம் எண்ணுக்குத் தாவுவதும் உண்டு. ஆகவே ஒருவர் மேகத்துக்குள் இருக்கும் இரவில் இன்னொருவர் பார்த்து எழுதியது மிக முக்கியமாகிவிடும்.

மறுநாள் காலை படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்து நிறங்களைத் தலைகீழாக்கினால் கறுப்பு வானத்தில் வெள்ளை வால்வெள்ளி வரும். மூலத்தில் மட்டும் பகலில் கை வைக்காதீர்கள். நட்சத்திரம் ஒன்று தவறான இடத்தில் இருப்பதாக வரைபடம் காட்டினாலும் பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள், அழிக்க வேண்டாம். அந்தத் தாளில் இருப்பது அன்றிரவு கண் கண்டது.

வால்வெள்ளி எதுவும் எட்டாத மாதங்களில் பயிற்சிக்கு விருச்சிகம் இருக்கிறது. மே, ஜூன் இரவுகளில் பத்து மணிக்குக் கேட்டை நட்சத்திரம் நமக்குத் தெற்குப் பக்கம் நன்றாக உயர்ந்திருக்கும். அதற்குச் சற்று மேற்கே மெஸ்ஸியேயின் பட்டியலில் நான்காவதான எம் 4 என்ற உருண்டைக் கொத்து, அகன்று, செறிவு குறைந்து கிடக்கும். கேட்டைக்கும் விருச்சிகத்தின் தலையிலுள்ள பீட்டா நட்சத்திரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் எம் 80 சிறிதாக, நடு செறிந்து தெரியும். இரண்டையும் ஒரே இரவில், ஒரே உருப்பெருக்கத்தில் வரைந்து செறிவு எண் போட்டுப் பாருங்கள். அவை சுலபமாகிவிட்டால் கொஞ்சம் முன்னதாக, பங்குனி சித்திரையில், வாசுகி (ஹைட்ரா) நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள எம் 83 விண்மீன் மண்டலத்துக்குப் போகலாம். மங்கல், அகலம், தெளிவில்லாத ஓரம் எல்லாமே அதில் வால்வெள்ளியின் அளவுக்கு இருக்கும், நகராது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.